விலை சொல்ல வந்தவன்

கண்டெய்னர் லாரிப் புழுதி அப்பிய மதில்.
உள்ளே, நான்கு கல்லறைகளுக்கும்
சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவில்
நிற்கிறது தெருவிளக்கு,
தெருவை எங்கோ தொலைத்துவிட்டு.

எழும்பூர்க் கடையிலிருந்து அனுப்பினார்கள் என்னை.
பையில் காந்தம், டார்ச், சவர பிளேடு,
ரசீதுப் புத்தகம்.

லண்டன் சரக்கு என்கிறார் பங்குத்தந்தை.
விற்றால் கூரைக்கு ஓடு மாற்றலாமாம்.
தலையாட்டினேன்.
ராயபுரத்தில் எல்லார் வீட்டுப் பழசும்
லண்டனிலிருந்துதான் வருகிறது.

காந்தம் ஒட்டியது. வார்ப்பிரும்பு.
முட்டியால் தட்டினேன்.
மணி மாதிரி ஒலிக்கவில்லை;
சளி பிடித்தவன் தன் பேரைச் சொல்வதுபோல ஒரு சத்தம்.
நகமளவு இடம் சுரண்டினேன்:
போன கிறிஸ்துமஸின் வெள்ளி,
அடியில் துறைமுகத்திலிருந்து எவனோ தூக்கி வந்த
கப்பல் சாம்பல் நிறம்,
அதனடியில் பச்சை,
அதற்கும் அடியில் வேறு ஒரு பச்சை,
பிறகு செங்காவி,
பிறகு அதுவே.

ஏணியைக் கோயில்பிள்ளை இன்னாசி பிடித்துக்கொண்டார்.
கூண்டின் நான்கு முகத்தில் ஒன்றில்தான் கண்ணாடி.
மற்றவை தகரம். ஒன்றில்
எண்ணெய் டின்னின் பாதி யானை, தும்பிக்கை இல்லாமல்.
கதவு நேற்றும் திறந்ததுபோலத் திறந்தது.
உள்ளே அணில் கூடு:
தேங்காய் நார், வலையின் நீல நைலான்,
தவக்காலப் பாட்டுச் சீட்டு ஒன்று, மென்று பாதி.
மண்ணெண்ணெயா, வாயுவா, கரண்டா,
எது எரிந்தது இதில் என்று கேட்டேன்.
"எனக்குத் தெரிஞ்சு
அணில்தான் இருந்துச்சு" என்றார்.

ஏணி சாய்க்கும் குறுக்குக் கம்பியின் இடது கை
நடுவில் தேய்ந்து, இடுப்பாக ஒடுங்கியிருந்தது.
கிடைத்தது என்று நோட்டில் எழுதினேன்:
விளக்கேற்றியவன் இடக்கைக்காரன்.
மாலைதோறும் ஏணி, ஐம்பது வருடம்.
அவனுக்கு ஒரு மீசைகூட வைத்துவிட்டேன்.
இப்படி எழுதினால்
பண்ணை வீட்டுக்காரர்கள் பத்தாயிரம் கூடக் கொடுப்பார்கள்.

கேட்டோரம் சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்த
அமலோற்பவம் தலை நிமிராமல் சொன்னாள்:
"ஏணி தேச்சா பக்கத்துல தேயும்.
மேல குழிஞ்சிருக்குதா, தொட்டுப் பாரு."
தொட்டேன். மேலேதான் குழி.
கட்டைவிரல் படுக்கிற அளவு.
"எங்க நைனா, அவுரு நைனா, அல்லாரும்
அதுலதான் வலைய ஏத்திக் கட்டுவாங்க.
கல்லறை மேல குந்திக்கினு முடி போடுவாங்க.
வெளக்காம் வெளக்கு."

மீசையை அடித்தேன்.

உயரம் அளந்தால் ஓர் அடி குறைந்தது.
தூண் குட்டையாகவில்லை; தரை வளர்ந்திருக்கிறது.
இன்னாசி கடப்பாரை எடுத்தார்.
சிமெண்டு. ஓட்டுச் சில்லு. செம்மண்.
மணல். சிப்பி, நிறைய சிப்பி.
பிறகு பீடம், அதில் புடைத்த எழுத்து,
ஏதோ கம்பெனியின் இங்கிலீஷ் பேர்.
தண்ணீர் ஊற்றித் துடைத்தேன்.
நடுவில் ஓர் எழுத்து மட்டும்
கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பியிருந்தது.

லண்டனில் இதை விடமாட்டார்கள்.
இது இங்கே, சூளையிலோ தங்கசாலையிலோ
ஒரு பட்டறையில்,
படிக்கத் தெரியாத, வெட்டத் தெரிந்த கை
மர அச்சில் பார்த்துப் பார்த்துச் செதுக்கி,
ஒன்றில் மட்டும் தவறி,
உருக்கியதை ஊற்றும்வரை யாரும் கவனிக்காமல்...
இதுவும் என் மீசைதானோ?
நிறுத்திக்கொண்டேன்.

"அப்போ?" என்றார் சாமியார்.
எடைக்குப் போட்டால் எவ்வளவு என்று
அவருக்கே தெரியும்.

வெயில் ஏறியது. அமலோற்பவம் எழுந்து
தார்ப்பாய்க் கயிற்றைக் கம்பிக்கு மேலே வீசினாள்.
பார்க்கக்கூட இல்லை.
அது போய்க் குழியில் உட்கார்ந்தது.

ரசீதில் தேதி எழுதியாயிற்று, பொருள் எழுதியாயிற்று.
விலைக் கட்டத்தின் மேல் பேனா.
இன்னாசி பள்ளத்தை மூடுகிறார்,
திரும்பி நிற்கும் எழுத்தின் மேல்
முதலில் சிப்பி,
அப்புறம் மணல்.